நூற்று எண்பத்து நான்கு நாள்

சிபாயாவுக்கு நாள் எண்ணிக் கொடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஒளித்து வைத்த மாதிரி இருக்கும்.

ஆக்லாந்தின் மாங்கெரே பகுதியில் ஒரு லாண்டரி. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு, துண்டு, போர்வை எல்லாம் துவைத்துக் கொடுக்கிற இடம். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். ஈரத் துணியைச் சூடான உருளைக்குள் விடுவதற்கு இரண்டு பேர், மறுபக்கம் வாங்கி மடிப்பதற்கு இரண்டு பேர். நானும் அவளும் மடிக்கிற பக்கம். விரிப்பின் மூலைகளைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே நின்றால், வாயைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நான் சமோவாவில் உப்போலு தீவுக்காரி. வந்து பதினாலு வருஷம் ஆகிறது. அவள் பக்கத்துத் தீவு, சவாயி. சமோவாவிலிருந்து வருஷத்துக்கு இத்தனை பேர் என்று இங்கே எடுக்கிற குலுக்கலில் ஒன்பது வருஷம் பெயர் கொடுத்தாள். ஒன்பதாவது வருஷம், நாற்பது வயதில், பெயர் விழுந்தது. இன்னும் ஐந்தாறு வருஷம் போயிருந்தால் வயது தாண்டிவிட்டது என்று மனுவையே வாங்கியிருக்க மாட்டார்கள். பெயர் விழுந்தால் மட்டும் போதாது, இங்கே ஒருவர் வேலை தருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுடைய சித்தி மகள் எங்கள் சர்ச். அவள் வந்து என்னிடம் கேட்டாள், நான் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அப்படி ஒரு பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி சிபாயாவும், புருஷன் மத்தாயோவும், இரண்டு பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். நிரந்தரமாகத் தங்குகிற காகிதம் கிடைத்த குடும்பம் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னோம். ஆனால் அந்தக் காகிதம் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் ஒரு தேதி இருந்தது. அன்றிலிருந்து சரியாக இரண்டு வருஷம். அந்தத் தேதி வரைக்கும் வெளியே போய்த் திரும்பி வரலாம். அதற்குப் பிறகு? ஜெபம் முடிந்ததும் டாரோக் கிழங்கும் கோழியும் சாப்பிடப் போய்விட்டோம்.

முதல் வருஷம் பிரச்சினை இல்லை. தங்கை கல்யாணத்துக்காகப் பன்னிரண்டு நாள் போனாள், வந்தாள். மத்தாயோவுக்கு ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. இவள் காலையில், அவன் மாலையில். பிள்ளைகளை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் எப்போதும் தூக்கம் போதாது. இங்கே அது யாருக்குத்தான் போதுகிறது.

இரண்டாவது வருஷம் மே மாதக் கடைசியில் அவளுடைய அப்பா பெசமினோவுக்கு பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போய்விட்டது, வாய் கோணிவிட்டது. ஊரில் தம்பி தனியேலு இருந்தான், அவன் பெண்டாட்டி இருந்தாள். ஆனால் கிழவர் யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. தேங்காய்ப்பால் விட்ட பப்பாளிக் கஞ்சியை சிபாயா ஊட்டினால் மட்டும் இறங்கியது. ஜூன் தொடக்கத்தில் போனவள் செப்டம்பரில் வந்தாள். மூன்று வாரம் எனக்கு எதிரே நின்று துணி மடித்தாள். அதற்குள் கிழவர் மறுபடியும் வாயை மூடிக்கொண்டார் என்று போன் வந்தது. செப்டம்பர் கடைசியில் போனாள், நவம்பர் முடியும்போது திரும்பினாள். இதற்குள் அவளுடைய ஷிஃப்ட் வேறொருத்திக்குப் போய்விட்டது. கூப்பிட்டால் வருகிற ஆள் ஆகிவிட்டாள். மெலிந்திருந்தாள். விரிப்பைப் பிடித்திருக்கும்போதே கண் மூடிப் போகும். நான் ஒரு உதறு உதறினால் விழித்துக்கொள்வாள்.

அப்போதுதான் நான் கேட்டேன், நாள் எண்ணினாயா என்று.

என்ன நாள் என்றாள்.

எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். நிரந்தர விசாவுக்கு மனுப் போட வேண்டுமானால் இரண்டு வருஷமும், ஒவ்வொரு வருஷத்திலும் நூற்று எண்பத்து நான்கு நாளாவது இந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். நான் வந்த காலத்தில் எனக்கு யாரோ சொன்னது. நான் வந்த தேதியிலிருந்து எண்ணினேன், இரண்டு வருஷம் முடிந்த மறுநாளே மனுப் போட்டேன், கிடைத்தது. அதனால் அப்படித்தான் எல்லோருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அவள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, சமோவாவில் குத்திய முத்திரைகளைப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பிப்ரவரி பன்னிரண்டு தொடங்கி இதுவரை வெளியே இருந்தது நூற்று ஐம்பத்தாறு நாள். ஒரு வருஷத்தில் வெளியே இருக்கக்கூடியது நூற்று எண்பத்தொன்று. மிச்சம் இருபத்தைந்து.

அவள் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். "இருபத்தஞ்சு நாளைக்குள்ள எங்கப்பா குணமாகணுமா, இல்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"நான் போட்ட சட்டமா அது" என்றேன். எனக்குக் கோபம் அவள் மீதில்லை. அவளுக்கும் அது தெரியும்.

வீட்டில் மத்தாயோவிடம் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு வேறு கவலை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவனுடைய அண்ணனுக்குக் குடும்பத் தலைவர் பட்டம் கட்டுகிறார்கள், தம்பி இல்லாமல் எப்படி. விசா நிரந்தரம் ஆகாமல் போனால் திரும்பி வர முடியாது. குடும்பத்து மனுவில் முதல் பெயர் சிபாயாவுடையது. அவள் தேறினால்தான் மற்ற மூன்று பேரும் பின்னாலேயே தேறுவார்கள். "உங்கப்பா ஒருத்தருக்காக நாலு பேரும் கட்டிப்போட்ட மாதிரி கெடக்கணுமா" என்று கேட்டுவிட்டான். கேட்டவன் அன்று வேலைக்குப் போகும்போது சாப்பாடு எடுத்துக்கொண்டு போகவில்லை. அது அவனே தனக்குக் கொடுத்துக்கொண்ட தண்டனை என்று அவள் சொன்னாள்.

டிசம்பர் பதினாலாம் தேதி கிழவருக்கு மூச்சுத் திணறுகிறது என்று மறுபடியும் போன். அவள் போனாள். போகும்போது என்னுடைய துண்டுச் சீட்டையும் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அங்கே நடந்ததை அவள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள், விரிப்புக்கு இரண்டு வாக்கியம் என்கிற கணக்கில். கட்டில் அருகே சுவரில் ஒரு கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கியதாம். தினமும் காலையில் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகுக்கு எண்ணெய் போட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு, காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். பதினேழாவது கோடு போட்ட அன்று தம்பி பார்த்துவிட்டான். தனியேலு தோட்டத்தில் வேலை செய்து காலில் சேறோடு வந்து நின்றவன்.

"என்னக்கா அது? அப்பா சாகறதுக்குத் தேதி குறிச்சு வெச்சிருக்கியா?"

அவள் விளக்கப் பார்த்தாள். நாள், விசா, நூற்று எண்பத்து நான்கு.

"நான் இங்க தெனமும் இருக்கேன். எனக்கு யாரும் கோடு போடச் சொல்லல. நீ போ. போய் அந்த நாட்டுக்காரங்க சொல்ற மாதிரி இரு."

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. அவன் பெண்டாட்டிதான் இரண்டு பேருக்கும் நடுவில் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரே அறைக்குள்.

ஜனவரி ஆறாம் தேதி காலையில் அவள் புறப்பட்டாள். கிழவர் அன்று தெளிவாக இருந்தார். பையை எடுத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, கோணின வாயால், "கடைக்கா? உப்பு பிஸ்கட் வாங்கிட்டு வா" என்றார். சரிப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றாள். இதைச் சொன்னபோது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பு இருந்தது. நான் என் பக்கத்து மூலைகளோடு அவளிடம் நடந்து போய், மடிப்பைச் சேர்த்து, அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி பெசமினோ இறந்தார். மிச்சம் இருந்தது மூன்று நாள். அடக்கத்துக்குப் போனால் ஒரு வாரமாவது ஆகும். அதுவும் புயல் மாதம். கப்பல் நின்றாலும் நிற்கும், விமானம் நின்றாலும் நிற்கும். கடிதத்தில் இருந்த தேதி பிப்ரவரி பன்னிரண்டு.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லத்தான் இருந்தேன், அதற்குள் மத்தாயோ லாண்டரி வாசலுக்கே வந்துவிட்டான். மாலை ஷிஃப்டுக்குப் போகிற உடுப்பில் நின்றான். முதலில் யாராவது வக்கீலைக் கேட்கலாம் என்றான். நூலகத்தில் வாரத்தில் இரண்டு நாள் இலவசமாகச் சட்டம் சொல்கிறார்கள், அவனோடு வேலை செய்கிறவர் போயிருக்கிறாராம். அவனால் ஷிஃப்டை விட முடியாது. கணக்குப் போட்டவள் என்பதால் நான் கூடப் போனேன்.

வக்கீல் சின்னப் பெண். குக் தீவுக்காரி, தெரேமோவானா என்று பெயர். முப்பது இருக்கும். முதலில் அப்பாவுக்காக வருத்தம் சொன்னாள். பிறகு பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், என் துண்டுச் சீட்டையும் பார்த்தாள்.

"இதை யாரு எண்ணினது?"

"நான்" என்றேன்.

"எண்ணிக்கை சரியா இருக்கு ஆன்ட்டி. எங்கேருந்து எண்ணணுங்கறதுதான் தப்பு."

பிறகு நிதானமாகச் சொன்னாள். இது ஒரு விஷயம் இல்லை, இரண்டு விஷயம். முதலாவது, கடிதத்தில் உள்ள தேதி. அந்தத் தேதி முடியும்போது சிபாயா நாட்டுக்கு வெளியே இருந்தால் இந்த விசாவே போய்விடும். உள்ளே இருந்தால் ஒன்றும் போகாது. புது அனுமதி வாங்காமல் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான், இங்கே காலம் முழுக்க இருக்கலாம். இரண்டாவது, நூற்று எண்பத்து நான்கு நாள். அதை வந்த தேதியிலிருந்து எண்ணுவதில்லை. மனுப் போடுகிற தேதியிலிருந்து பின்னோக்கி இரண்டு வருஷம் எண்ணுவது. மனுவைப் பிப்ரவரியில்தான் போட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. ஜூன் கடைசியில் போட்டால் போன ஜூனில் வெளியே இருந்த நாளெல்லாம் அதற்கு முந்தின வருஷத்துக் கணக்கில் போய் விழும். அங்கே இடம் நிறைய இருக்கிறது.

"அதனால நீங்க அடக்கத்துக்குப் போங்க ஆன்ட்டி. பதினொண்ணாம் தேதிக்குள்ள திரும்பி வந்துடுங்க. ஜூன் கடைசியில என்கிட்ட வாங்க, சேர்ந்து போடலாம்."

சிபாயா தலையாட்டினாள். எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்போ டிசம்பர்ல போனேனே. ஜனவரி ஆறாம் தேதி வந்தேன்."

தெரேமோவானா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வந்திருக்க வேண்டியதில்ல. பிப்ரவரி பத்து வரைக்கும் அங்கேயே இருந்திருக்கலாம். மனு ஒரு மாசம் தள்ளிப் போயிருக்கும்."

ஒரு மாசம். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இறங்குகிற நிறுத்தத்தில், நாளைக்கு அவளுடைய வேலையை நான் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

மத்தாயோ அதற்குள் டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருந்தான். விஷயம் எல்லாம் கேட்டுவிட்டு அவன், "போய்ட்டு வா. மனுவை எப்பப் போட்டாலும் போடலாம்" என்று சொன்னதாகச் சொன்னாள். டிசம்பரில் இதைச் சொல்லியிருந்தால் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் நினைத்தேன். நினைப்பதற்கு எனக்கு என்ன தகுதி.

ஐந்தாம் தேதி போனாள். எட்டாம் தேதிக்குள் அடக்கம் என்று முதலில் பேச்சு. ஆனால் பெசமினோவின் மூத்த அண்ணன் மகன் ஹவாயிலிருந்து வர வேண்டியிருந்தது. அவர் வரும்வரை காத்திருப்பது என்று குடும்பப் பெரியவர்கள் முடிவு செய்து, அடக்கத்தைப் பன்னிரண்டாம் தேதிக்கு வைத்தார்கள். துக்கத்துக்கு உறவினர் கொண்டுவருகிற பாய்கள் வந்து குவிந்துவிட்டன, பாடகர் குழுவுக்குச் சொல்லியாகிவிட்டது.

அவள் தம்பியிடம் போய் நின்றாள். டிசம்பர் கடைசியிலிருந்து பேசாத தம்பி. நூலகத்தில் கேட்டதையெல்லாம் அவனிடம் சொன்னாள். ஜனவரியில் அப்பாவை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பதையும் மறைக்கவில்லை. தேதியை முன்னால் வைக்கச் சொல்லி நான் போய்க் கேட்கிறேன் என்று அவன் எழுந்தான்.

அவன் பெரியவர்கள் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறான். ஒரு பெண்ணின் காகிதத்துக்காகக் குடும்பமே தேதியை மாற்றுவதா என்றார் ஒருவர். இன்னொருவர், அவள்தானே மகள், அவள் இருக்க வேண்டாமா, விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். தனியேலு, "அப்புறம் பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க. நாலு பேரும் திரும்பி இங்கதான் வரணும். வந்தா அவங்களுக்கு உங்க வீட்லயா சோறு?" என்று கேட்டுவிட்டு அதற்காக மன்னிப்பும் கேட்டான். தேதி மாறவில்லை.

பத்தாம் தேதி கடல் கொந்தளித்தது, தீவுகளுக்கு நடுவே கப்பல் நின்றுவிட்டது. மறுநாளும் நின்றால் என்ன செய்வது என்று அவள் அரிசி பொறுக்கிக்கொண்டே நடுங்கியிருக்கிறாள். அன்று மத்தியானம் தனியேலு நான்கு ஆட்களோடு வந்து, வீட்டுக்கு முன்னால் குழியைத் தோண்ட ஆரம்பித்தான். எங்கள் ஊரில் வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்வதுதான் வழக்கம். அடக்கத்துக்கு இரண்டு நாள் முன்னால் யாரும் தோண்டுவதில்லை. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்று பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார். தகரம் போட்டு மூடிக்கொள்கிறேன் என்றான். தோண்டி முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டான்.

"எறங்கு. நீ செய்ய வேண்டியத இப்பவே செஞ்சுடு."

அவள் இறங்கினாள். அடியில் கடல் மணலைப் பரப்பி, கையால் தட்டிச் சமன் செய்து, மேலே பாயை விரித்தாள். விரிப்பதில் அவளுக்குக் கை பழக்கம், நான்கு மூலையும் சரியாக இருந்தது என்று தனியேலு பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தானாம். மேலேறி வந்து, வீட்டுக்குள் போய் அப்பாவின் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

பதினொன்றாம் தேதி விடிந்ததும் கப்பல் புறப்பட்டது. தனியேலு பையைத் தூக்கிக்கொண்டு துறை வரைக்கும் வந்தான். காத்திருந்த கூட்டத்தில் அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பேரிடம் கெஞ்சி அவளை முன்னே தள்ளிவிட்டான். போன தடவை பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன், "எறங்கினதும் போன் பண்ணு" என்று மட்டும் சொன்னான். உப்போலுவில் விமானம் ஏறி அன்று மாலை ஏழு மணிக்கு ஆக்லாந்தில் இறங்கினாள். மத்தாயோ பிள்ளைகளோடு வந்து நின்றான். மறுநாள் அங்கே அடக்கம் நடந்த நேரத்தில் அவள் லாண்டரியில் இருந்தாள். அன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்ட அன்று வராவிட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

ஜூன் கடைசியில் தெரேமோவானாவோடு உட்கார்ந்து மனுப் போட்டார்கள். நாட்களை வக்கீலே எண்ணினாள், இரண்டு முறை. ஆகஸ்ட் தொடக்கத்தில் நான்கு பேருக்கும் நிரந்தர விசா வந்தது. அதில் தேதி எதுவும் இல்லை. மத்தாயோ அண்ணனின் பட்டத்துக்குப் பிள்ளைகளோடு போனான். சிபாயா போகவில்லை. மடிக்கிற பக்கத்தில் பழைய ஷிஃப்ட் அவளுக்குத் திரும்பக் கிடைத்த நேரம் அது.

பாதிரியார் மறுபடியும் ஜெபம் செய்தார், மறுபடியும் ஆமென் சொன்னோம்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அதற்குப் பிறகுதான். ஆறு மாதம் எனக்கு வாய் வரவில்லை. இடைவேளையில், உருளை மெஷின் நின்றிருந்தபோது, அந்தச் சீட்டை நான் எழுதியிருக்கக் கூடாது என்றேன். தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி சொன்னேன் என்றேன்.

அவள் கோகோவை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ எண்ணித் தரலைன்னா நான் எண்ணியே இருக்க மாட்டேன்க்கா. பிப்ரவரி பன்னெண்டு எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அங்கேயே உக்காந்திருப்பேன், எல்லாம் போயிருக்கும்." கொஞ்சம் குடித்தாள். "அதையும் நெனச்சுப் பாத்துட்டேன். எல்லாத்தையும் நெனச்சுப் பாத்துட்டேன். எனக்கு முடியலக்கா. இனிமே இதைப் பத்திப் பேச வேண்டாம்."

சரி என்றேன். மணி அடித்தது. அன்று ஆஸ்பத்திரித் துணி, குழந்தைகள் வார்டு. சின்னச் சின்ன விரிப்புகள், ஒருத்தியே மடிக்கலாம். ஆனாலும் இரண்டு பேருமாகத்தான் மடித்தோம்.